நாலு பிளக்கும் கறுப்பு, மூன்றாவது மட்டும் ஈரம்

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. வீட்டில் பழைய நிசான் சன்னி ட்ரக் ஒன்று இருக்கிறது. ஏ12 எஞ்சின், பொயின்ற் (மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டும் முனை) வைத்த டிஸ்ரிபியூற்றர், அதாவது நாலு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிடும் பாகம். விடியற்காலையில் பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போய் மரக்கறி ஏற்றி வருவதும், பகலில் அக்கம்பக்கத்துக் கடைகளில் இறக்குவதும்தான் அதன் வேலை. 6 மாதத்தில் 4 செற் பிளக் (சிலிண்டருக்குள் பொறி விடுவது) மாற்றியாயிற்று. புதிது போட்டால் 1,200, 1,500 கிலோமீற்றர் நன்றாக ஓடும். பிறகு சிக்னலில் நிற்கும்போது மிஸ் பண்ணும் (சிலிண்டர் வெடிக்காமல் தவறும்), காலையில் இழுத்து இழுத்துத்தான் ஸ்ரார்ட் எடுக்கும். கழற்றினால் நாலும் கறுப்பு, மூன்றாவது மட்டும் ஈரம். கடைசி இரண்டு தடவையும் கடைக்காரர் "இது சூடு தாங்கும்" என்று சொல்லி 7ஆம் இலக்கப் பிளக் கொடுத்திருக்கிறார். கராஜ் பாஸ் எஞ்சினைப் பிரித்து போர் பண்ண வேண்டும், அதாவது சிலிண்டர்களைக் கடைந்து பெருப்பிக்க வேண்டும் என்கிறார். தம்பி கேட்ட கேள்வி, எந்தக் கம்பனிப் பிளக் நின்று பிடிக்கும் என்பது. அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு இரண்டு: பிளக் ஏன் சாகிறது, போர் பண்ணச் சொன்னதை நம்பலாமா.

முதலாவதற்கு நேரடிப் பதில்: கம்பனியை மாற்றிப் பயனில்லை. இந்த எஞ்சினுக்குரிய சாதாரண நிக்கல் முனைப் பிளக் 15,000 முதல் 20,000 கிலோமீற்றர் வரை ஓட வேண்டும். ஒரு செற் பழுது என்றால் பிளக்கைச் சந்தேகிக்கலாம். நாலு செற்றும் ஒரே மாதிரி, ஏறக்குறைய ஒரே தூரத்தில் செத்தால் குற்றம் எஞ்சினில்தான். தம்பி எழுதியதை இரண்டு தடவை வாசித்துவிட்டு இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் ட்ரக்கில் இருப்பது ஒரு வருத்தமில்லை, இரண்டு. நாலு பிளக்கும் கறுப்பது ஒன்று. அதற்குக் காரணம் நாலு சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் இருக்கும். மூன்றாவது மட்டும் நனைவது இன்னொன்று. அதன் காரணம் மூன்றாம் சிலிண்டரிலோ அதற்குப் போகும் வயரிலோதான் இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்து வைத்தியம் பார்த்ததால்தான் எந்த மருந்தும் பாதி வேலை செய்து பாதியில் நிற்கிறது.

ஆமர் வீதிப் பக்கம் ஒரு கராஜில் முப்பது வருடத்துக்கு மேல் பெற்றோல் எஞ்சின்களோடு மாரடித்தவன் நான். இப்போது கராஜ் மகன் கையில். அவர் ஸ்கேனரைச் செருகிக் கோட் வாசிக்கிறார். என் காலத்து வண்டி வந்தால் மட்டும் "அப்பா, ஒருக்கால் வந்து பாருங்கோ" என்பார். ஆனால் உங்கள் எஞ்சினின் சத்தத்தை நான் கேட்கவில்லை, அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்க்கவுமில்லை. ஆகையால் உறுதியாகத் தெரிந்தது எது, சந்தேகம் எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

பிளக் ஏன் கறுக்கிறது என்பதில் இருந்து தொடங்குவோம். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் நுனி ஓட்டத்தில் ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்கு மேலே போனால்தான் அதில் ஒட்டும் கரி தானாக எரிந்து போகும். 850 பாகை அளவைத் தாண்டினால் நுனியே தணலாகி, தீப்பொறி வருமுன் கலவையைப் பற்றவைத்துவிடும். பிளக்குக்கு வாழ்வு இந்த இரண்டுக்கும் நடுவில். நுனி குளிர்ந்தே கிடந்தால் கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். மின்னழுத்தத்தைக் கூட்டும் கொயிலில் இருந்து வரும் ஆயிரக்கணக்கான வோல்ற், முனைகளுக்கிடையே பாய்வதை விட்டு, பீங்கானில் படிந்த கரி வழியே இறங்கி உடலுக்குப் போய்விடும். புதுப் பிளக் முதல் ஆயிரம் கிலோமீற்றர் நன்றாக ஓடுவதும் பிறகு விழுவதும் இதனால்தான். கரிப்படை தடித்து ஒரு எல்லையைத் தாண்டும் நாளில் மிஸ்ஸிங் தொடங்குகிறது. மல்ரிமீற்றர் இருந்தால் நீங்களே பார்க்கலாம். பிளக்கின் மேல் முனைக்கும் இரும்பு உடலுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். நல்ல பிளக்கில் முள் அசையக்கூடாது. கறுத்ததில் ஏதாவது ஒரு எண் காட்டினால் மின்சாரம் ஒழுகுகிறது.

இனி அந்த 7ஆம் இலக்கம். நான் கையடித்துச் சொல்லக்கூடிய ஒரு பிழை இதுதான். என்ஜிகே பிளக்கில் இலக்கம் கூடக் கூடப் பிளக் குளிர்ந்தது, அதாவது சூட்டை வேகமாக எஞ்சின் தலைக்குக் கடத்திவிடும். டென்சோவிலும் அப்படித்தான், இலக்கங்கள்தான் வேறு: என்ஜிகே 5க்கு டென்சோ 16, 6க்கு 20. போஷிலும் சம்பியனிலும் கணக்குத் தலைகீழ். அங்கே இலக்கம் கூடினால் சூடான பிளக். இதைத் தெரியாமல் இலக்கத்தை இலக்கத்தோடு ஒப்பிட்டுக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். "சூடு தாங்கும்" என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தச் சூடு உங்கள் எஞ்சினில் எங்கே இருக்கிறது? முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓடும் எஞ்சினுக்கு ஏற்ற பிளக்கை, கிராண்ட்பாஸ் நெரிசலில் ஊரும் ட்ரக்கில் போட்டால் நுனி 450ஐ எட்டவே எட்டாது. ஏ12க்கு வழக்கமாகப் போடுவது பிபி5ஈஎஸ், அல்லது ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் பிபிஆர்5ஈஎஸ். இடைவெளி 0.8 முதல் 0.9 மில்லிமீற்றர். நாளும் பாரம் ஏற்றிக் கண்டிப் பக்கம் மலையேறுகிறவர் என்றால் 6 போடுவதில் தப்பில்லை. உங்கள் ஓட்டத்துக்கு 5தான்.

அந்தப் பெயரில் 'ஈ' என்று வரும் எழுத்தையும் பாருங்கள். அது திரெட்டின் நீளம், 19 மில்லிமீற்றர். அதே இடத்தில் 'எச்' இருந்தால் 12.7 மில்லிமீற்றர். விட்டம் இரண்டுக்கும் 14 என்பதால் இரண்டும் ஏறும், இறுகும், எஞ்சினும் ஓடும். ஆனால் கட்டைப் பிளக் துளைக்குள்ளேயே ஒளிந்து நிற்கும். பொறி கலவைக்கு நடுவில் விழாது, மிச்சத் திரெட்டில் கரி அடைந்து, பிறகு சரியான பிளக்கைப் போடும்போது அலுமினியத் தலையின் திரெட்டே போய்விடும். என்னிடம் வந்த ஒரு வண்டியில் மூன்று நீளமும் ஒன்று கட்டையுமாக இருந்தது. வண்டிக்காரர் இரண்டு மாதமாக அந்த ஒரு சிலிண்டருக்கு வயர் மாற்றிக்கொண்டிருந்தார். உங்கள் மூன்றாவதைக் கழற்றி மற்றதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

சரியான பிளக் போட்டாலும் உங்கள் ஓட்டம் பிளக்குக்கு ஒத்துவராத ஓட்டம். கொட்டாஞ்சேனையில் இருந்து பேலியகொடை எத்தனை கிலோமீற்றர்? எஞ்சின் சூடேறுமுன் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே நிறுத்தி ஏற்றி மறுபடி ஸ்ரார்ட், வந்து இறக்கி மறுபடி ஸ்ரார்ட். ஒவ்வொரு ஸ்ரார்ட்டுக்கும் சோக் (காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டுவது) இழுத்திருப்பீர்கள். இந்த ஓட்டத்தை மாற்றச் சொல்லி நான் உபதேசம் பண்ணப் போவதில்லை, அது பிழைப்பு. ஆனால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் எஞ்சினில் தேர்மோஸ்ரற், அதாவது எஞ்சின் சூடேறும் வரை ரேடியேற்றர் தண்ணீரைத் தடுத்து வைக்கும் வால்வு, இருக்கிறதா? "இந்த வெயில் ஊருக்கு அது எதற்கு" என்று அதைக் கழற்றி எறியும் வழக்கம் எங்கள் தொழிலில் பல காலமாக இருக்கிறது. நானும் இளவயதில் எறிந்திருக்கிறேன். எறிந்த பின் ரேடியேற்றர் தண்ணீர் எந்நேரமும் சுற்றும், எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வர நெடுநேரம் எடுக்கும், குறுகிய ஓட்டத்தில் வரவே வராது. குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் சரியாக ஆவியாகாமல் பாதி கரியாகவும் பாதி ஒயிலுக்குள்ளும் போகும். வெப்பமானி முள் பத்து, பன்னிரண்டு நிமிடம் ஓடியும் அடியிலேயே கிடந்தால் தேர்மோஸ்ரற் இல்லை அல்லது திறந்தபடி இறுகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். புதிது போடும் செலவு ஒரு செற் பிளக்கை விடப் பெரிதாக வராது.

அடுத்தது பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றர். எயார் கிளீனரின் மூடியைத் திறந்து, எஞ்சின் நன்றாகச் சூடான பின் சோக் தகட்டை உங்கள் கண்ணால் பாருங்கள். கேபிளை உள்ளே தள்ளிவிட்டோம் என்பதற்காகத் தகடு திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பழைய கேபிள் உறைக்குள் துருப்பிடித்துப் பாதியில் நிற்கும். தகடு செங்குத்தாக முழுக்கத் திறந்திருக்க வேண்டும். எயார் கிளீனரை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். கொழும்பில் கட்டடம் எழும்பாத தெரு ஏது, அந்தச் சீமெந்துத் தூசி முழுக்க அதற்குள்தான். பிறகு புளோட் மட்டம், அதாவது உள்ளே மிதவை பிடித்து வைக்கும் பெற்றோல் மட்டம். காபரேற்றரின் பக்கத்துக் கண்ணாடியில் பெற்றோல் மட்டம் தெரியும். கோட்டுக்கு மேலே நின்றால் ஊசி வால்வு தேய்ந்திருக்கிறது, அல்லது புளோட்டுக்குள் பெற்றோல் இறங்கியிருக்கிறது. நிறுத்திய பின் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விழுவது தெரிந்தால் அதுவேதான்.

பெரும்பாலானோர் குப்பையில் போடும் ஒரு கடதாசி இங்கே உதவும். வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்குமுன் செய்யும் புகைப் பரிசோதனை அறிக்கை. பெற்றோல் வாகனத்துக்கு அதில் காபனோரொட்சைட்டு வீதமும் ஐதரோகாபன் அளவும் இருக்கும். 'சித்தி' என்ற சொல்லைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடுகிறோம். காபனோரொட்சைட்டு எல்லையை ஒட்டி உயர்ந்திருந்தால் கலவையில் பெற்றோல் கூட. காபனோரொட்சைட்டு அளவோடு இருந்து ஐதரோகாபன் மட்டும் எகிறியிருந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியாமலே வெளியே போகிறது, அதாவது மிஸ்ஸிங். இரண்டும் கூட என்றால் உங்கள் கதை மாதிரி இரண்டும் சேர்ந்திருக்கலாம். போன வருட அறிக்கையும் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எப்போது தொடங்கியது என்று ஓரளவுக்குத் தெரியும்.

இனி மூன்றாவது. தம்பி 'ஈரம்' என்று மட்டும் எழுதியிருக்கிறார். என்ன ஈரம் என்பதில்தான் முழு விடயமும் தங்கியிருக்கிறது. பிளக்கை வெள்ளைக் கடதாசியில் ஒற்றி, மூக்குக்குப் பக்கத்தில் பிடியுங்கள். பெற்றோல் என்றால் மணக்கும், சில நிமிடத்தில் காய்ந்து போகும். ஒயில் என்றால் கடதாசியில் மினுமினுத்த கறை நிற்கும், காயாது, விரலில் வழுக்கும். பெற்றோல் ஈரம் என்றால் அந்தச் சிலிண்டருக்குக் கலவை வருகிறது, பொறி விழவில்லை. ஒயில் ஈரம் என்றால் பொறி விழுந்தாலும் மேலிருந்தோ கீழிருந்தோ ஒயில் வந்து நனைக்கிறது. முன்னதற்கு வயர் வேலை, பின்னதற்கு எஞ்சின் வேலை. இந்த ஒன்றைப் பார்க்காமல் போர் பண்ணச் சொன்னார் என்றால் பாஸ் அவசரப்பட்டுவிட்டார்.

பெற்றோல் ஈரம் என்றே வைத்துக்கொள்வோம். செலவில்லாத சோதனை இடம் மாற்றுவது. மூன்றாம் பிளக்கை ஒன்றாம் இடத்திலும் ஒன்றாவதை மூன்றாம் இடத்திலும் போட்டு நூறு கிலோமீற்றர் ஓடுங்கள். ஈரம் பிளக்கோடு ஒன்றாம் இடத்துக்குப் போனால் பிளக்தான் பழுது. மூன்றிலேயே நின்றால் அடுத்ததாக வயர். வயர்களின் நீளம் இடம் கொடுத்தால் அவற்றை மட்டும் மாற்றிப் போடுங்கள். இல்லாவிட்டால் ஓம் அளந்து நாலையும் ஒப்பிடுங்கள். கரி இழை வயரில் சில ஆயிரம் ஓம் காட்டுவது இயல்பு. ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினால் அல்லது மீற்றர் அசையவே இல்லை என்றால் அதை மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிச் சரிவந்துவிட்டால், எது சரிசெய்தது என்று தெரியாமல் அடுத்த தடவையும் இதே இடத்தில் நிற்பீர்கள்.

டிஸ்ரிபியூற்றர் மூடியையும் கழற்றித் துடைத்துப் பாருங்கள். மூன்றாம் முனையில் இருந்து மயிரிழை மாதிரிக் கறுப்புக் கோடு ஓடினால் அது வெடிப்பு, மின்சாரம் அதன் வழியே தப்புகிறது. கொழும்பு மாதிரிக் கடலோர ஊரில் உப்புக் காற்றும் ஈரப்பதமும் மூடிக்குள் பச்சை பூக்க வைக்கும். இரவில் விளக்கணைத்து, எஞ்சினை ஓடவிட்டுப் பொனற்றைத் திறந்தால் வயரில் இருந்து நீலப் பொறி ஒழுகுவது கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் நீட்டாதீர்கள், இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலும் போகக்கூடாது. இன்னொரு நுட்பம் இருக்கிறது. இந்த எஞ்சினின் வெடிப்பு வரிசை 1-3-4-2. மூன்றும் நாலும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பவையும்கூட. அந்த இரண்டு வயரையும் ஒன்றோடொன்று கட்டிக் கிளிப் அடித்திருந்தால் ஒன்றின் மின்சாரம் மற்றதைத் தூண்டும். அழகுக்காகச் சேர்த்துக் கட்டியதைப் பிரித்து ஒரு விரல் இடம் விடுங்கள். டிஸ்ரிபியூற்றர் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். ஆடினால் பொயின்ற் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு மாதிரி வரும், ஒரு சிலிண்டர் மட்டும் பலவீனப்படும். உங்கள் விடயத்தில் இது எவ்வளவு பங்கு என்று ஆட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது.

பொறியே மொத்தத்தில் மெலிந்திருந்தால் நாலும் கறுக்கும். பொயின்ற் இடைவெளி 0.45 முதல் 0.55 மில்லிமீற்றர், பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) இல்லாமல் சிகரெட் பெட்டி மட்டையால் வைத்த காலம் ஒன்று இருந்தது, அது போகட்டும். பொயின்ற் முகம் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் முளையுமாக எரிந்திருந்தால் கண்டென்சரை (பொயின்றில் பொறி பறக்காமல் தடுப்பதை) மாற்றுங்கள். கொயிலில் ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிகள் பலவற்றில் கொயிலுக்கு முன்னால் வெள்ளைப் பீங்கானில் ஒரு ரெசிஸ்ரர் இருக்கும். ரெசிஸ்ரரோடு வேலை செய்யும் கொயில் ஒரு வகை, அது இல்லாமல் வேலை செய்வது இன்னொரு வகை. பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் கொயில் வாங்கும்போது இதைக் கேட்காமல் வாங்கிவிடுகிறோம். இரண்டாம் வகைக் கொயிலை ரெசிஸ்ரரோடு சேர்த்துப் போட்டால் பொறி செம்மஞ்சளாக மெலியும். முதல் வகையை ரெசிஸ்ரர் இல்லாமல் போட்டால் பொறி நன்றாக இருக்கும், ஆனால் கொயில் கொதிக்கும், பொயின்ற் எரியும். கொயிலின் உடலில் எழுதியிருக்கும், வாசித்துப் பொருத்துங்கள்.

ஒயில் ஈரம் என்றால் கதை மாறுகிறது. அப்போதும் உடனே போர் இல்லை. வால்வு சீல் (மேலிருந்து ஒயில் இறங்காமல் தடுப்பது) போனதும் ரிங் (பிஸ்ரனைச் சுற்றிய வளையம், கீழிருந்து ஒயில் ஏறாமல் தடுப்பது) போனதும் இரண்டுமே நீலப் புகை விடும், விடும் நேரம்தான் வேறு. கடுகண்ணாவை இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு இறங்கி, கீழே வந்து மிதிக்கும்போது ஒரு நீலப் பந்து வெளிவந்தால் வால்வு சீல் அல்லது வால்வு ஓடும் குழலான கைட். கொழும்பை விட்டு வெளியே போவதில்லை என்றால் பொரளைச் சந்தி சிக்னலே போதும், நெடுநேரம் நின்று புறப்படும்போது அதே பந்து வரும். பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது விடாமல் நீலம் விட்டால் ரிங் பக்கம் சந்தேகம் கூடும். இதைவிடத் திட்டமான சாட்சி கம்பிரஷன் சோதனை, அதாவது பிளக் துளையில் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளப்பது. எஞ்சின் சூடாக இருக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றி, கொயில் வயரைப் பிடுங்கி, அக்சிலேற்றரை முழுக்க மிதித்துச் சுற்ற வேண்டும். மிகக் குறைந்த சிலிண்டர் மிகக் கூடியதின் 80 வீதத்துக்குக் கீழே போனால் பழுது. குறைந்ததற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். அளவு எழும்பினால் ரிங், எழும்பாவிட்டால் வால்வு, பக்கத்துப் பக்கத்து இரண்டு சேர்ந்து குறைந்து எழும்பாமல் நின்றால் ஹெட் கஸ்கெற் (எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள தகடு). கஸ்கெற் கசிந்து தண்ணீர் உள்ளே போகும் சிலிண்டரின் பிளக் கறுப்பாக இராது, கழுவி எடுத்தது மாதிரி வெளுத்திருக்கும். ஆகையால் உங்களுக்கு அது இல்லை என்றே நினைக்கிறேன். நாலு எண்ணும் கிட்டத்தட்டச் சமமாக, நல்ல அளவில் வந்தால் போர் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எனக்கு ஒரு பழைய வெட்கம் காரணம். ஒருவர் பெற்றோல் ஹைலக்ஸ் ஒன்று கொண்டுவந்தார். ஒரு பிளக் மட்டும் திரும்பத் திரும்பக் கெட்டது, சைலன்சரில் புகை. நான் கேஜ் வைக்காமலே ரிங் என்று சொல்லி, எஞ்சினைப் பிரித்து ரிங் போட்டேன். பத்து நாளில் அதே புகையோடு வந்து நின்றார். அப்போதுதான் புகையின் நிறத்தை ஒழுங்காகப் பார்த்தேன், நீலம் இல்லை, வெள்ளை. பிரேக் ஒயில் போத்தலைத் திறந்தால் பாதி இல்லை; சில்லுகளில் எங்கேயும் கசிவில்லை. மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கிழிந்து பிரேக் ஒயில், மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்குள் இறங்கி, அங்கிருந்து வெற்றிடக் குழாய் வழியே இழுபட்டு, குழாய் சேரும் இடத்துக்குப் பக்கத்துச் சிலிண்டருக்குள் எரிந்துகொண்டிருந்தது. சீல் மாற்ற ஒரு மத்தியானம் எடுத்தது. ரிங் வேலைக்கு வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன், சாமான் காசை அவர் கேட்கவில்லை. உங்கள் ட்ரக்கில் பூஸ்டர் பூட்டியிருந்தால் அந்தக் குழாயையும் ஒருக்கால் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா பாருங்கள்.

பெற்றோலைப் பற்றியும் பலர் பல மாதிரிச் சொல்வார்கள். ஈயம் இல்லாத பெற்றோல் வந்த பிறகுதான் பழைய எஞ்சினில் பிளக் கெடுகிறது என்பது பிழை. 2002இல் இங்கே ஈயப் பெற்றோல் நின்றது; ஈயம்தான் பிளக்கில் படிந்து கெடுத்தது, நின்ற பிறகு பிளக்கின் ஆயுள் கூடியது. 95 ஒக்ரேன் அடித்தால் கரி குறையும் என்பதும் அப்படித்தான். ஒக்ரேன் தட்டலைத் தடுக்கும், கரியைக் கழுவாது. 9க்கு 1 என்ற அமுக்க விகிதமுள்ள இந்த எஞ்சினுக்கு 92 போதும். மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் கரி பிடிக்க வைக்கும், அது உண்மை. ஆனால் 6 மாதமாக ஒரே மாதிரிக் கறுக்கிறது என்பதால் அதை நான் கடைசியில்தான் வைப்பேன். 2022 வரிசைக் காலத்தில் கேனில் சேர்த்துவைத்த பெற்றோல் இன்னும் வீட்டு மூலையில் கிடந்தால், தயவுசெய்து அதை மட்டும் தாங்கிக்குள் ஊற்றாதீர்கள்.

போலிப் பிளக் இருக்கிறதா என்றால் இருக்கிறது. எழுத்து மங்கலாக அச்சாகியிருக்கும், நடுமுனை நடுவில் நிற்காது, வாஷர் கையோடு கழன்று வரும். நல்ல பிளக்கின் வாஷர் திரெட்டில் இருந்து சும்மா விழாது. சந்தேகம் என்றால் பெட்டியோடும் பில்லோடும் தரும் கடையில் வாங்குங்கள். பூட்டும்போது கையால் முழுக்கத் திருகி, வாஷர் தலையைத் தொட்ட பின் சாவியால் அரைச் சுற்றில் இருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை. பழைய வாஷர் என்றால் பன்னிரண்டில் ஒரு சுற்று. தளர்ந்து நின்றால் சூடு தலைக்கு இறங்காமல் பிளக் எரியும், மிஞ்சி இறுக்கினால் அலுமினியத் திரெட் போகும். கறுத்த பிளக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். இரும்புத் துகள் பீங்கானில் கோடு போட்டு, கரி செய்த வேலையைத் தானே செய்யும்.

இப்போது என்ன செய்வது? முதலில் எஞ்சின் ஒயில் குச்சியை இழுத்து மணந்து பாருங்கள். மட்டம் கூடி, பெற்றோல் மணம் வந்தால் மூன்றாம் சிலிண்டரில் எரியாத பெற்றோல் மாதக்கணக்காகச் சுவரைக் கழுவிக் கீழே இறங்கியிருக்கிறது. அந்த ஒயிலோடு இன்னும் ஓடினால் இல்லாத ரிங் பழுதை நீங்களே உண்டாக்குவீர்கள். ஒயிலை மாற்றுங்கள். 5ஆம் இலக்க, நீளத் திரெட் பிளக் நாலு போடுங்கள். சோக், தேர்மோஸ்ரற், எயார் கிளீனர் மூன்றையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீர்கொழும்பு வீதியில் இருபது நிமிடம் சீராக ஓடி, ஆளில்லாத ஓரமான இடத்தில் கிளச்சை மிதித்தபடி எஞ்சினை அணைத்து, சிலோவில் (மிதிக்காமல் மெதுவாக) ஓடவிடாமல் அப்படியே நிறுத்துங்கள். சாவியை ஸ்ரியரிங் பூட்டும் இடம் வரை திருப்ப வேண்டாம், நெடுஞ்சாலையிலும் இதைச் செய்ய வேண்டாம். கொஞ்சம் ஆறவிட்டுப் பிளக்கைக் கழற்றி 1, 2, 3, 4 என்று வரிசையில் வைத்துப் படம் எடுங்கள். வீட்டு வாசலில் சிலோவில் ஓடி நின்ற எஞ்சினின் பிளக் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மற்ற மூன்று பிளக்கும் மண்ணிறமாக வந்து மூன்றாம் சிலிண்டருடையது மட்டும் நனைந்திருந்தால் முதல் வருத்தம் போய்விட்டது. வயர் மாற்றும் சோதனையை அதன் பிறகு தொடங்குங்கள்.

படத்தோடு கம்பிரஷன் எண் நாலையும், ஒயில் விட்ட பின் வந்த எண்ணையும், அந்தக் கடதாசியில் ஒற்றிய கறையையும் இங்கே போடுங்கள். கேஜ் இல்லை என்றால் ஆமர் வீதியில் எந்தக் கராஜிலும் அரை மணித்தியாலத்தில் பார்த்துத் தருவார்கள். எண்களை உங்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள், தம்பி. அதுவரை எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள்.